மெஷின் நடவு: தண்ணீர் வருமுன் முன்பணம்

பூண்டி மாதா கோயில் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர். குறுவை நெல்லுக்கு இந்த வருஷம்தான் முதல்முறையாக மெஷின் நடவு. தட்டில் வளர்க்கும் தட்டு நாற்றை மெஷின்காரர்களே வளர்த்துத் தருகிறார்கள். ஆனால் பதினைந்து நாள் முன்பே சொல்லி, பாதிப் பணம் கட்ட வேண்டும். அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நான் பணம் கட்டியபோது அறிவிப்பே வரவில்லை. தட்டு நாற்று 14 முதல் 18 நாளுக்குள் வயலுக்குப் போயாக வேண்டும். முற்றினால் மெஷினில் சரியாக விழாது.

"நம்மகிட்ட போர் கிணறும் இல்லியேங்க," என்றாள் வீட்டுக்காரி. காற்றையே பார்த்துக்கொண்டிருப்பவன் விதைக்க மாட்டான் என்று பைபிளில் பிரசங்கி 11:4 சொல்வதைச் சொன்னேன். "பிரசங்கி போர் போட்டுத் தருவாரா?" என்றாள். நியாயம்தான். பக்கத்து வயல் அண்ணனிடம் போர் தண்ணீர் பேசி வைத்தேன். விசுவாசம் என்று சொல்லி நகையை அடகு வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். இது அந்த ரகமில்லை. ஆனாலும் ஜெபிக்காத ராத்திரி கிடையாது.

நாற்றுக்குப் பதினாறாம் நாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பதினேழாம் நாள் நடவு. காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன மெஷின் பதினொன்றுக்குத்தான் வந்தது. வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கிறது, களை எடுக்கும் கோனோவீடர் சுகமாக ஓடுகிறது. மூலைகளை விட்டுவிட்டார்கள், இரண்டு ஆள் வைத்துக் கையால் நட்டோம். அதற்காக மெஷின்காரர்களுக்கு நான் தரும் மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.