சுவரை உடைக்க விடுவதற்கு முன்னம் கைபிடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்

மட்டக்களப்புப் பக்கம் ஷவர் ஒழுகுகிறது என்று யாரையாவது கூப்பிட இருப்பவர்கள் இதை ஒருக்கா வாசித்துவிட்டுக் கூப்பிடுங்கள். சொட்டுச் சொட்டாக ஒழுகிய ஒரு ஷவருக்கு எங்கள் வீட்டில் 61,000 ரூபா போனது. சுடுதண்ணியையும் பச்சைத் தண்ணியையும் கலந்து விடும் மிக்ஸர் 27,500, கூலி 24,000, மிச்சம் டைல்ஸ், சீமெந்து, குழாய்ச் சாமான். மாற்ற வேண்டியிருந்ததோ 2,200 ரூபாவுக்கு வாங்கக்கூடிய ஒரு சின்னச் சாமான். பணம் போனதை விட, நல்லாயிருந்த சுவரை உடைத்து, உள்ளே சுடுதண்ணிக் குழாயைப் பிழையாகப் பொருத்தி, அதற்கு மேல் டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டுப் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் குளியலறையைப் பாவிப்பது எழுபது கடந்த என் அம்மா.

எங்கள் வீடு கல்லடியில். இரண்டு குளியலறைகளையும் ஒரே நேரத்தில்தான் கட்டினோம். இரண்டிலும் ஒரே மொடல் மிக்ஸர். உடம்பு (பொடி என்பார்கள்) சுவருக்குள் இருக்கும், வெளியே தெரிவது ஒரு வட்டத் தகடும் ஒற்றைக் கைபிடியும் மட்டும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மாரி தொடங்கினால் பச்சைத் தண்ணியில் குளிக்க ஏலாது, அதனால் ஹீட்டரும் போட்டிருந்தோம். போன மாரியில் அம்மாவின் ஷவர் மூடிய பிறகும் சொட்டத் தொடங்கியது. இரவில் கீழே வைத்த வாளி விடியும்போது கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்கும்.

சாமான் வாங்கும் ஹாட்வெயாரில் கேட்டேன். அவர்களே ஒருவரின் நம்பரைத் தந்தார்கள். வந்தவர் ஷவரைத் திறந்தார், மூடினார், சுவரைத் தட்டிப் பார்த்தார். கைபிடியில் ஒரு ஆணியைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, இது உள்ளுக்குப் பொடி வெடிச்சிட்டு. சுவர உடைக்காம ஒண்டும் செய்ய ஏலா."

"வாசர் மாத்தினாச் சரிவராதா தம்பி?"

"இது பழைய பைப் இல்ல அக்கா. இதுக்கு வாசரெல்லாம் இல்ல."

இந்தப் பதிலில்தான் விசயம் இருக்கிறது. ஒற்றைக் கைபிடி மிக்ஸரில் பழைய பைப்பில் உள்ளது போன்ற வாசர் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த வேலையைச் செய்ய உள்ளே கார்ட்ரிஜ் என்று ஒன்று இருக்கிறது. அது தேய்ந்தால் முன்பக்கத்தால் கழற்றி வேறொன்று போடலாம். சுவரைத் தொடவே தேவையில்லை, மிக்ஸரைச் செய்கிறவர்கள் அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அவர் பாதி உண்மையைச் சொல்லி மீதியை விட்டுவிட்டார். இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவருக்கு அந்த மீதி தெரியாது என்று நான் நம்பவில்லை.

மிக்ஸரைத் தன் நம்பரைத் தந்த அதே கடையில்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "மத்தக் கடைச் சாமானுக்கு நான் பொறுப்பில்ல" என்றார். பில் துண்டில் 'மிக்ஸர் 1' என்று மட்டும் எழுதித் தந்தார்கள். என்ன கம்பெனி, என்ன மொடல், எத்தனை மாத உத்தரவாதம், ஒன்றும் இல்லை. பழைய மிக்ஸரை நான் கேட்டபோது, "உடைஞ்சத வச்சி என்னக்கா செய்யப் போறீங்க" என்று சொல்லிக்கொண்டே தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அது நல்ல பாரமான பித்தளை. பழைய பித்தளைக்குக் கிலோக் கணக்கில் காசு கிடைக்கும் என்பது ஒரு பக்கம். வெடித்ததாகச் சொன்ன பொருளை நான் கண்ணால் பார்க்கவே முடியாமல் போனதுதான் பெரிய விசயம். புதிதாகப் போட்டதைக் கையில் எடுத்தபோதே லேசாக இருந்தது.

வேலை முடிந்து கொஞ்ச நாள் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு குளியலறைக்கு மற்றப் பக்கம், அம்மாவின் அறைச் சுவரில் பெயின்ற் பொம்மத் தொடங்கியது. தொட்டால் ஈரம். சொட்டுவது இப்போது வாளிக்குள் இல்லை, சுவருக்குள். அவருக்கு அழைத்தேன். "மாரிக்குச் சுவர் வேர்க்கும் அக்கா, வெயில் வந்தாச் சரியாகும்" என்றார். அடுத்த முறை எடுத்து "நாளைக்கு வாறன்" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கடையில் போய்க் கேட்டேன். "நாங்க சாமான் மட்டும்தான் விக்கிறம், அவர் எங்கட ஆள் இல்ல" என்றார்கள். நம்பரைத் தந்த அதே வாய்.

இதற்கிடையில் மற்றக் குளியலறை ஷவரும் சொட்ட ஆரம்பித்தது. ஒரே வயது மிக்ஸர்தானே. இந்த முறை என் தங்கையின் கணவர், தொழில்பயிற்சி முடித்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்த ஒரு தம்பியை அனுப்பினார். அவர் செய்ததை விவரமாக எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு வருபவர் இதைச் செய்கிறாரா என்று நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் ஹீட்டரின் சுவிட்சை அணைத்தார். டாங்கியிலிருந்து வரும் கேட் வால்வை மூடி, ஷவரைத் திறந்து குழாயில் நின்ற தண்ணியை வடிய விட்டார். தண்ணி போகும் ஓட்டையில் ஒரு துணியை அடைத்தார், சின்ன ஆணி ஏதும் விழுந்து போகாமல் இருக்க. கைபிடியில் சிவப்பும் நீலமும் போட்ட ஒரு பொட்டு இருக்கும். அதை நகத்தால் கிளப்பினால் உள்ளே ஒரு சின்ன ஆணி. அலன் கீயால் அதைத் தளர்த்தியதும் கைபிடி கையோடு வந்தது. அடுத்து ஒரு குமிழ் மூடி, அது கையாலேயே திருகி வந்துவிட்டது. அதன் கீழே ஒரு நட். அதைக் கழற்றியதும் கார்ட்ரிஜை நேராக வெளியே இழுத்து எடுத்து என் கையில் வைத்தார். "இதுதான் அக்கா ஒழுகிறது."

உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்ரிக் உருளை. அதற்குள் இரண்டு செரமிக் தட்டுகள், திரிகைக் கல்லைப் போல. கீழ்த்தட்டு அசையாது, மேல்தட்டு கைபிடியோடு சேர்ந்து நகரும். இரண்டிலும் உள்ள ஓட்டைகள் நேருக்கு நேர் வந்தால் தண்ணி வரும், விலகினால் நிற்கும். இடையில் மணலோ உப்புப் படிவோ சிக்கிக்கொண்டால் தட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி மூடாது. அடியில் இருக்கிற றப்பர் வளையங்கள் நாளடைவில் தட்டையாகி இறுகிப் போனாலும் ஒழுகும். எங்களுடையதில் வளையங்கள் தட்டையாகி, ஒன்று வெட்டுப்பட்டும் இருந்தது.

பழையதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனார். கார்ட்ரிஜ் பெரும்பாலும் 35 மில்லிமீற்றர் அல்லது 40 மில்லிமீற்றர் விட்டத்தில் வரும். விட்டம் சரியாக இருந்தாலும் அடியில் உள்ள முளைகளின் இடமும் உயரமும் பொருந்த வேண்டும். போனில் படம் காட்டி வாங்கினால் பிழையாகிப் போகும். எங்களுக்கு 40 பொருந்தியது. கார்ட்ரிஜ் உட்காரும் இடத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, முளைகளைக் குழிகளில் சரியாக இருத்தி, நட்டை அளவாக இறுக்கினார். கூட இறுக்கினால் கைபிடி இறுகும், பிளாஸ்ரிக் வெடிக்கவும் கூடும். வளையங்களுக்குச் சிலிக்கன் கிறீஸ் மட்டும் பூசினார். வாஸ்லீன், இயந்திர எண்ணெய் பூசினால் சில வகை றப்பர் ஊதிப் போகுமாம். பிறகு வால்வை மெதுவாகத் திறந்து, கொஞ்ச நேரம் தண்ணியை ஓட விட்டார். சொட்டு நின்றது. கடைக்குப் போய் வந்த நேரத்தைக் கழித்தால் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கூலி 2,500 ரூபா கேட்டார், கொடுத்தேன்.

"மற்றதிலயும் இதே மிக்ஸர்தானே அக்கா இருந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவின் பக்கச் சுவரையும் அவரே திறந்து பார்த்தார். அங்கே கண்டதுதான் எல்லாவற்றையும் விட மோசம். ஹீட்டரிலிருந்து வரும் சுடுதண்ணிக் குழாய் சிபிவிசி, சூட்டைத் தாங்கும் பிளாஸ்ரிக். அதைப் புது மிக்ஸரோடு சேர்க்க, பச்சைத் தண்ணிக்குப் பாவிக்கிற சாதாரண பிவிசி சொக்கட் போட்டு, சாதாரணப் பசை பூசியிருந்தார் முதலில் வந்தவர். பிவிசி சூட்டில் இளகிப் பலம் இழக்கும். 60 பாகைக்குக் கிட்டப் போனால் அழுத்தத்தைத் தாங்க அதை நம்ப முடியாது, ஹீட்டர் தண்ணி அந்தச் சூட்டுக்குச் சாதாரணமாக வரும். சுடுதண்ணிக் குழாய்க்கு அதற்கென்றே உள்ள சிபிவிசியோ பிபிஆரோ போட வேண்டும், சிபிவிசி என்றால் பசையும் அதற்குரியதாக இருக்க வேண்டும். எங்கள் சொக்கட் ஒரு பக்கம் இழுபட்டு, பசை விட்ட இடத்தால் தண்ணி கசிந்துகொண்டிருந்தது. இரண்டு சாமானுக்கும் விலை வித்தியாசம் சில நூறு ரூபாதான். அந்தச் சில நூறுக்காக, வயதான ஒருவர் நிற்கும் இடத்துச் சுவருக்குள் சுடுதண்ணி வெடிக்கக்கூடிய ஒரு குழாய் மூட்டு வைத்து மூடியிருக்கிறார்கள். கசிவாக வெளியே தெரிந்தது எங்கள் நல்ல காலம்.

ஆகவே சுவரை உடைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், தண்ணி எங்கே தெரிகிறது என்பதை முதலில் நீங்களே பாருங்கள். மூடிய பிறகும் ஷவர் தலையால் சொட்டினால், அல்லது கைபிடியின் அடியால் கசிந்தால், அநேகமாகக் கார்ட்ரிஜ். சுவர் ஈரமாவது, மற்றப் பக்கம் பெயின்ற் பொம்முவது, இவைதான் சுவருக்குள் கோளாறு இருப்பதற்கான அடையாளம். குளித்து முடித்ததும் ஷவர் தலையில் தங்கிய தண்ணி சில நிமிடம் சொட்டி நிற்பது கோளாறே இல்லை, அதற்கும் ஆள் கூப்பிட்டுக் காசு கட்டியவர்கள் இருக்கிறார்கள். கைபிடியைக் கழற்றி, உள்ளிருப்பதை எடுத்துக் காட்டாமல் சுத்தியலைத் தூக்குகிறவரை அப்படியே வாசலால் அனுப்புங்கள். கழற்றிய எதையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். உண்மையாகவே சுவரைத் திறக்க வேண்டி வந்தால், மூடுவதற்கு முன் உள்ளே போட்ட சாமானைப் போனில் படம் எடுங்கள், தண்ணியைத் திறந்து மூட்டுக்களைப் பார்த்த பிறகுதான் சீமெந்து.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற எங்களுக்கு இன்னொன்று. மண் முழுக்க மணல். குழாய்த் தண்ணி இருக்கிற வீடுகளிலும் அது வராத நாளில் கிணற்றுத் தண்ணியை மோட்டரால் டாங்கிக்கு ஏற்றுகிறோம். அந்த மணல் அடியில் படிந்து, டாங்கி வற்றும்போது குழாய்க்குள் இறங்கும். டாங்கியை இடைக்கிடை கழுவி, ஒரு சின்ன வடியும் போட்டால் கார்ட்ரிஜ் கனகாலம் வரும். வீதியில் குழாய் வேலை நடந்த பிறகு, முதலில் முற்றத்துப் பைப்பைத் திறந்து கலங்கல் போக விட்டுத்தான் ஷவரைத் திறக்க வேண்டும்.

நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சாமானுக்கு மட்டுமில்லை, செய்த வேலைக்கும் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் யோசித்துக்கொண்டே இருந்துவிடாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். அந்த அரைகுறைத் துண்டு, அழைப்பு விபரங்கள், உடைத்தெடுத்த பிவிசி சொக்கட், சுவரின் படங்கள் எல்லாம் வைத்திருக்கிறேன். விசாரணை முடியும் வரை ஆளின் பெயரையும் கடையின் பெயரையும் எழுத மாட்டேன், உள்பெட்டியில் கேட்காதீர்கள். மத்தியஸ்த சபைக்குப் போகும்படியும் ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்கள், அதையும் பார்ப்பேன்.

இன்னொரு உதவி. அம்மாவின் சுவரை மூட டைல்ஸ் போதவில்லை. வெளிர் பச்சை நிறம், 12க்கு 8 அங்குலம், ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. அந்த மொடல் இப்போது கடைகளில் வருவதில்லை. வீடு கட்டி மிஞ்சிய டைல்ஸ் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஏறாவூர் என்றாலும் களுவாஞ்சிகுடி என்றாலும் வந்து காசு தந்து எடுத்துக்கொள்கிறேன். ஏழெட்டு இருந்தால் போதும்.