வாசல் தொட்டிக்குத் தாமரையா, ஆம்பலா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டு வாசலில் நீர்ப்பூ வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது தாமரையைத்தான். சாமிக்கு ஆகும், பூ பெரியது, பெயரும் பெரியது. நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: பூ விரிகிற நேரத்தில் வீட்டில் யார் இருப்பீர்கள்? தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலம் வேறு. விடியும் முன் ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போனவர் மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடுவார். இன்று தாமான் எனப்படும் குடியிருப்புப் பேட்டை வீடுகளில் கணவனும் மனைவியும் காலையிலேயே ஈப்போவுக்கோ தொழிற்சாலைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம். பகல் முழுக்கக் கேட்டில் பூட்டுத்தான் தொங்குகிறது.

இந்தக் கணக்கில் போட்டியாளர்கள் மூவரையும் நிறுத்திப் பார்ப்போம். தாமரை விடியலில் விரியத் தொடங்கி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் குவிந்துவிடும். மூன்று நான்கு நாள் இப்படித் திறந்து மூடி, பிறகு இதழ்களைக் கொட்டிவிடும். நீலாம்பல் அதைவிடச் சோம்பேறி. வெயில் நன்றாக ஏறிய பிறகே விரியும், பிற்பகலில் மூடிக்கொள்ளும். வேலைக்குப் போகிற குடும்பம் அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்கும். வெள்ளாம்பலோ அந்தி சாயும்போது அவிழ்ந்து, இரவெல்லாம் விரிந்திருந்து, மறுநாள் முற்பகலில்தான் குவிகிறது. மாலை விளக்கேற்றும்போதும் அது திறந்திருக்கும், காலையில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போதும் திறந்திருக்கும். நேரத்தை வைத்துப் பார்த்தால் வெள்ளாம்பலை அடிக்க ஆளில்லை. என் ஓட்டு அதற்குத்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் நேரம் மட்டும் செடியை வளர்த்துவிடாது.

இடம் என்று வரும்போது வெள்ளாம்பல் கொஞ்சம் தடுமாறுகிறது. தாவர நூல்கள் நிம்ஃபேயா புபெசென்ஸ் என்று குறிப்பிடும் இந்தச் செடி பெரிய குடும்பக்காரி. இலை ஓரங்களில் பல் பல்லாக வெட்டு இருக்கும், அடிப்பக்கம் மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரியும். மூன்றடி அகலத் தொட்டி இருந்தால்தான் அது தாராளமாகக் கால் நீட்டும். அதைவிடச் சிறிய தொட்டியில் இலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பூ குறைந்துவிடும். நீலாம்பல், அதாவது நிம்ஃபேயா நௌசாலி, அடக்கமானது. இலங்கையின் தேசிய மலராக இருப்பது இதுதான். இலையும் சிறிது, பூவும் சிறிது. இரண்டடி அகலமுள்ள சீனச் சாடி போதும். தாமானின் வரிசைவீடுகளுக்கு நடுவே உள்ள இடைவீட்டில், கார் நிறுத்திய இடம் போக மிஞ்சும் மூலையில் சாடி வைப்பவருக்கு நீலாம்பல்தான் சரி. பகலில் பூட்டிக் கிடக்கும் வீடாக இருந்தாலும் அங்கே வேறு வழியில்லை. பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் அவர்கள் பார்த்து மகிழட்டும்.

தாமரைக்கு மூன்றடிகூட அரைமனதுதான். நிலத்தடியில் அதன் கிழங்கு கிடைமட்டமாக ஓடும் இயல்புடையது. ஓடி ஓடிச் சுவரில் முட்டினால் திசை திரும்பத் தெரிய வேண்டும். சதுரத் தொட்டியின் மூலையில் நுனி சிக்கினால் அங்கேயே முடங்கி அழுகும். ஆகவே வட்டத் தொட்டிதான் தாமரைக்கு ஏற்றது. கால்வாய்க்குப் போடும் சிமெண்டு வளையத்தின் அடியைப் பூசி அடைத்தால் நல்ல தாமரைத் தொட்டி தயார். புதுச் சிமெண்டில் காரம் கசியும் என்பதால், சில வாரம் தண்ணீர் நிரப்பி, இறைத்து, மறுபடி நிரப்பிய பிறகே மண் போடுங்கள்.

வெயில் விஷயத்தில் மூன்றுமே பிடிவாதக்காரர்கள். நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். பேராக்கின் பிற்பகல் மேகமும் இடிமழையும் வெயிலில் பாதியைத் தின்றுவிடுவதால், காலை வெயில் முழுதாக விழும் கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். முன்கூரை நிழலில் வைத்த தாமரை இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். வெளிச்சக் குறைவை நீலாம்பல் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஆனால் பூவில் கைவைத்துவிடும். இங்கே குளிர்காலம் இல்லாதது நமக்கு ஆதாயம். இணையக் காணொளிகளில் இலையுதிர் காலம் வந்ததும் கிழங்கைத் தோண்டி எடுத்துக் குளிரில் காப்பது எப்படி என்று நீட்டி முழக்குவார்கள். அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். நம் ஊரில் ஆண்டு முழுதும் வளர்ச்சிதான், அதனால் பசியும் ஆண்டு முழுதும்தான்.

பார்ப்பதற்கு ஒரே குடும்பம் போலத் தோன்றினாலும் தாமரையும் ஆம்பலும் உறவே இல்லை. தாவரவியலார் தாமரையைத் தனிக் குடும்பமாக வைத்து, பிளேன் என்னும் மேல்நாட்டு மரங்களின் பக்கம் சேர்த்திருக்கிறார்கள். ஆம்பல் இலையில் காம்பு வரை ஒரு பிளவு இருக்கும். தாமரை இலை பிளவின்றி வட்டமாக, நடுவில் காம்பு தாங்க, தண்ணீரை விட்டு எழுந்து நிற்கும். கிழங்குகளின் சுபாவமும் வேறு என்பதால் நடும் முறையும் மாறுகிறது. தாமரைக் கிழங்கைப் படுக்கவைத்து, கூர்நுனி மட்டும் மண்ணுக்கு மேல் தெரிய மூட வேண்டும். அந்த நுனி ஒடிந்தால் கிழங்கு பெரும்பாலும் வீண். ஆம்பல் கிழங்கை நிமிர்த்தி வைத்து, குருத்துப் பகுதி மண்மட்டத்தில் இருக்கும்படி நட்டால் போதும். கை தவறினாலும் மன்னித்துவிடும் செடி அது. முதன்முறை வளர்ப்பவருக்கு இதுவே பெரிய வித்தியாசம் என்பேன்.

விதையிலிருந்து தொடங்க விரும்பினால் தாமரை சுவாரசியமானது. சீனாவில் வற்றிப்போன ஏரிப்படுகை ஒன்றில் கிடைத்த, ஏறத்தாழ 1300 ஆண்டுப் பழமையான தாமரை விதை 1990களில் முளைத்திருக்கிறது. ஓடு அவ்வளவு கெட்டி. ஆகவே விதையின் ஒரு முனையை, வெள்ளைப் பருப்பு தெரியும்வரை உப்புத்தாளில் தேய்த்து நீரில் போட வேண்டும். சில நாளில் முளை எட்டிப்பார்க்கும். பூக்கத்தான் பொறுமை வேண்டும். ஆம்பல் விதை கடுகுபோல் பொடியாக இருக்கும், காய் தண்ணீருக்கடியில் வெடித்துச் சிதறும். அதைத் துணிப்பையால் கட்டிப் பிடிப்பதைவிட, அண்டை வீட்டாரிடம் ஒரு கிழங்கு கேட்டு வாங்குவது எளிது.

மண்ணுக்கு வருவோம். நம் வட்டாரத்தில் இதற்குக் குறைவில்லை, ஆனால் எல்லாமே உதவாது. கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈய லம்ப (சுரங்க) நிலங்களில் இரண்டு வகைக் கழிவு கிடக்கிறது. ஒன்று வெறும் மணல், மற்றொன்று நுண்ணிய சேற்றுக் களி. மணலில் எருவும் தங்காது, கிழங்கும் நிலைக்காது. களிதான் வேண்டும். தோட்டத்துச் செம்மண்ணாக இருந்தால் கல்லைப் பொறுக்கிவிட்டுச் சலித்துப் பயன்படுத்தலாம். நர்சரியில் விற்கும் பூச்செடி மண் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள தேங்காய் நாரும் உமியும் மிதந்து வந்து தொட்டியைக் குப்பையாக்கிவிடும். மக்கிய மாட்டுச் சாணத்தை அடியில் பரப்பி, மேலே களிமண், அதன் மேல் விரலகலத்துக்கு மணல். பச்சைக் கோழி எருவைப் போட்டால் மூன்றாம் நாள் பக்கத்து வீட்டார் பேசமாட்டார்கள்.

பிறகு உரம். செம்பனைக்குப் போடும் நீல நிற என்.பி.கே. (தழை, மணி, சாம்பல் சத்து கலந்த) உரக் குருணை இந்த ஊரில் யார் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு பையாவது இருக்கும். அதைத் தண்ணீரில் தூவினால் பாசிக்குத்தான் விருந்து. ஒரு தேக்கரண்டியைக் களிமண் உருண்டைக்குள் பொதிந்து, வேருக்கு அருகே மண்ணில் ஆழ அழுத்த வேண்டும். மாதம் ஒருமுறை ஆம்பலுக்குப் போதும். தாமரை பெருந்தீனிக்காரன், ஆனாலும் நிற்கும் இலைகள் நான்கைந்து வரும்வரை உரத்தைக் காட்டாதீர்கள். இளவேர் கருகிவிடும்.

நீர் மட்டத்தில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். நட்ட அன்றே தொட்டியை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. மண்ணுக்கு மேல் நான்கு விரல் போதும். இலைகள் மேலே வர வர நீரை ஏற்றினால் தண்டும் கூடவே நீளும். ஒரே நாளில் முழுக அடித்தால் மூச்சு முட்டி அழுகிவிடும். சாடியிலும் தொட்டியிலும் மண்ணுக்கு மேல் ஒன்று முதல் ஒன்றரை அடி வரை நின்றால் மூன்றுக்கும் சுகம். விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளையிட்டு வலை ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடைமழை நாளில் மண்ணும் மீனும் வாசலுக்கு வந்துவிடும்.

பெரிய நீர்நிலையிலும் இதே விதிதான். பகாங்கின் தாசேக் சினி ஏரி, 2009இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது, ஒருகாலத்தில் தாமரைக்குப் பெயர் போனது. நீர்வரத்தைத் தேக்க 1990களின் நடுவில் அங்கே கட்டிய தடுப்பணை நீர்மட்டத்தின் இயல்பான ஏற்ற இறக்கத்தை மாற்றியது, கரையோர மரங்கள் பட்டுப்போயின. தென்னமெரிக்காவின் கபோம்பா என்னும் மீன்தொட்டிச் செடியும் ஏரிக்குள் பரவியது. தாமரைப் பரப்பு சுருங்கிவிட்டது. ஆகவே மீன்தொட்டியைக் கழுவும்போது செடித் துண்டுகளைச் சாக்கடையில் விடுகிற பழக்கத்தை நான் யாரிடம் பார்த்தாலும் சும்மா விடுவதில்லை.

அதே காரணத்தால் வெங்காயத்தாமரையை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஓசியில் கிடைக்கும், ஊதாப்பூ அழகாகவும் இருக்கும். அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஒரு கொத்து வாய்க்காலுக்குள் தப்பினால் வெள்ளநீர் போகும் வழியை அடைத்துவிடும்.

கொசுவைப் பற்றிப் பேசாமல் இந்த நாட்டில் தண்ணீர்த் தொட்டி வைக்க முடியாது. ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, புழு கண்டால் வீட்டுக்காரருக்கு அபராதம். இதில் ஆம்பலும் தாமரையும் சம நிலைதான், இரண்டுக்குமே மீன் கட்டாயம். கப்பி எளிது, செப்பாட் நம் மண்ணின் மீன், நான் அதையே சொல்வேன். குழாய்த் தண்ணீரை ஓரிரு நாள் திறந்துவைத்த பிறகு மீன் விடுங்கள். தாமரைக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம்: எழுந்து நிற்கும் அதன் கிண்ண இலையில் மழைநீர் முத்துபோல் உருண்டு தேங்கும். காற்று கொட்டிவிடும் என்று நம்பி இருக்காமல், போகும்போது தட்டிவிட்டுப் போங்கள்.

பூச்சி, நத்தை என்று பார்த்தால் ஆம்பல்தான் அதிகம் அடிபடும். இலை நீர்மேல் படிந்திருப்பதால் அசுவினி எளிதாக ஏறும். புழுக்கள் இலையை வட்டமாக வெட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். மருந்து அடித்தால் மீன் சாகும். குழாய்நீரைப் பீய்ச்சி இலையை முக்கினால் மீனே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தங்க ஆப்பிள் நத்தை வேறு சங்கதி, குருத்தோடு தின்றுவிடும். தொட்டிச் சுவரில் இளஞ்சிவப்பு முட்டைக்கொத்து தெரிந்தால் உடனே சுரண்டி நசுக்குங்கள்.

கடையில் வாங்கும்போது ஒரு சோதனை. நீலாம்பல் என்று சொல்லிக் கொடுத்த செடியின் இலை நடுவில் குட்டிச்செடி முளைத்தால், அது ஆப்பிரிக்க இனம் கலந்த கலப்பினம். கெட்ட செடி என்று சொல்லமாட்டேன். சின்னத் தொட்டியிலும் அள்ளிப் பூக்கும். ஆனால் நம் நீர்நிலைச் செடியை வளர்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ள அது உதவாது.

தாமரையை அடியோடு ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கோயில் குளமோ, வளாகத்தில் பெரிய வட்டத் தொட்டியோ இருந்தால் அங்கே தாமரைக்கே முதலிடம். காலைப் பூசைக்கு ஐயர் வரும் நேரமும் அது விரியும் நேரமும் ஒன்று. நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் பூக்கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. பராமரிப்புக்கு ஆளும் இருப்பார்கள். விரிந்த முதல் நாள் காலையில் பூவுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், சுற்றியுள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். தாமரை தன் பூவின் வெப்பத்தை 30 முதல் 35 பாகை செல்சியஸ் வரை தானே காத்துக்கொள்ளும். வண்டுகளுக்கான ஏற்பாடு அது.

கிழங்குக்காக லம்பக் குட்டைகளில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் கரை செங்குத்தாகச் சரியும், ஆழமும் கண்ணுக்குத் தெரியாது. ஆம்பல் வளர்ப்பவரின் தொட்டி ஓரிரு ஆண்டில் எப்படியும் நெருக்கமாகிவிடும், பிரித்து நட்டபின் மிச்சத்தைக் கொடுக்க ஆள் தேடுவார். அவரிடம் கேளுங்கள். வாங்கிய கிழங்கை நன்றாகக் கழுவி, நத்தைக் குஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு வாரம் தனி வாளியில் வைத்த பிறகே தொட்டிக்கு மாற்றுங்கள்.