நீலமா, மஞ்சளா, காலி மைதானமா: கோவைக்காரர் எந்த அணிக்காக அழுவது?

கோயம்புத்தூரில் கால்பந்து பார்க்கிறவர்களிடம் "உங்க டீம் எதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. ஒருவர் நீலச் சட்டை அணியான 'சென்னையின் எஃப்சி' என்பார். அந்த அணி ஆடும் மைதானத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். இன்னொருவர் மஞ்சள் சட்டை கேரளா பிளாஸ்டர்ஸ் என்பார், கொஞ்சம் சங்கடத்தோடு. மூன்றாவது ஆள் பெருமூச்சு விட்டுவிட்டு சென்னை சிட்டி என்பார். கோவையிலேயே ஆடிய அந்த அணி இப்போது கிடையாது.

மூன்றில் எதைப் பிடித்தாலும் வயிற்றெரிச்சல் நிச்சயம். அதனால் எது நன்றாக ஆடுகிறது என்ற ஆராய்ச்சிக்கு நான் போகப் போவதில்லை. தோற்கிற அன்றைக்கு யாரை, எந்த உரிமையில் திட்டலாம் என்பதுதான் கொங்கு ரசிகருக்கான உண்மையான அளவுகோல். அதை வைத்துப் பார்ப்போம்.

முதலில் தூரம்

கோவையிலிருந்து கொச்சி சுமார் 190 கிலோமீட்டர். பெங்களூரு சுமார் 360. சென்னை 500. ஆக, நம் மாநில அணி தன் சொந்த மைதானத்தில் ஆடுவதுதான் நமக்கு ஆகத் தொலைவான ஆட்டம். அதே அணி கொச்சிக்கு விருந்தாளியாகப் போனால் நமக்குப் பக்கம். சேலத்தில் கணக்கு இன்னும் வேடிக்கை: பெங்களூரு சுமார் 200, சென்னை 340. அங்கிருப்பவர் சென்னையின் அணியைப் பார்க்க ஆசைப்பட்டால் அது பெங்களூரு எஃப்சியோடு மோதும் நாளில் கண்டீரவா மைதானத்துக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

சென்னைப் பயணத்தில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு. நேரு விளையாட்டரங்கம் பெரியமேட்டில் இருக்கிறது, சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரம். ஏழரை மணி ஆட்டம் ஒன்பதரைக்கு முடிந்தால் ஓட்டமும் நடையுமாகப் போய் ராத்திரி ரயிலைப் பிடிக்கலாம். ஆனால் கடைசிப் பத்து நிமிடம் பாதிக் கண் ஆட்டத்திலும் பாதிக் கண் கடிகாரத்திலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் திங்கள் காலை கோவையில் இறங்கி நேராக வேலைக்குப் போக வேண்டும். ஜெயித்துவிட்டு வந்தால் அதுவும் ஒரு சுகம்தான். மூன்று கோல் வாங்கித் தோற்றுவிட்டு, மேல் பெர்த்தில் தூக்கம் வராமல் புரண்டு வருவதற்கு எதற்கு இந்தக் காசு என்று வீட்டில் கேட்டால் பதில் இருக்காது.

கொச்சி அப்படியில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு காரை எடுத்தால் வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் வழியாகப் போய்விடலாம். குதிரான் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்த ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த காலமும் போயிற்று. நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வீடு.

இந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது சென்னை சிட்டிதான். காந்திபுரத்திலிருந்து பத்து நிமிடம். வ.உ.சி. பூங்காவுக்கு எதிரே கோவை நேரு ஸ்டேடியம். ஆட்டம் முடிந்ததும் தள்ளுவண்டியில் ஒரு பிளேட் காளான், அப்புறம் வீடு.

சென்னை சிட்டி: ஜெயித்துவிட்டு மறைந்த அணி

பெயரில் சென்னை, ஆட்டம் கோவையில். இந்தக் கோணல் ஆரம்பத்தில் எல்லோருக்கும் உறுத்தியது. 2016-17 பருவத்தில் ஐ-லீக் என்ற தேசியத் தொடருக்குள் வந்த அணி, அடுத்த பருவத்திலேயே கோவைக்குக் குடிவந்தது. அந்த முதல் கோவைப் பருவத்தில் பத்து அணிகளில் எட்டாவது இடம். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் நடுக்களத்தில் தனியாளாகப் போராடிக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்தத் தோல்விகளில் ஒரு நிறைவு இருந்ததைச் சொல்ல வேண்டும். திட்டினால் ஆட்டக்காரரின் காதில் விழும். அதுவும் நம் ஊரில் திட்டுவதே மரியாதையாகத்தான்: "ஏனுங், பந்தைக் கொஞ்சம் முன்னால குடுங்க சார்!"

2018-19 பருவத்தை இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து சாண்ட்ரோ, நெஸ்டர் கோர்டில்லோ என்று ஒரு கூட்டம். முன்வரிசையில் பெட்ரோ மான்சி, அந்தப் பருவத்தில் மட்டும் 21 கோல். கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபோடு ஆட்டம். அதே நேரத்தில் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டில், கோகுலம் கேரளாவோடு ஈஸ்ட் பெங்கால். நாம் சறுக்கினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. மினர்வா முதலில் கோல் போட்டு எல்லார் வயிற்றிலும் புளியைக் கரைத்தது. பிறகு மான்சியின் பெனால்ட்டி, கௌரவ் போராவின் இரண்டு கோல், 3-1. ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் ஜெயித்தும் பலனில்லை. 43 புள்ளி, 42 புள்ளி. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் சாம்பியன் கோவையில்.

அப்புறம் என்ன ஆயிற்று? சாம்பியனுக்கு மேலே போக ஏணி இல்லை. அதே 2019-இல்தான் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நாட்டின் முதல்நிலைத் தொடர் என்று ஆனது. ஐ-லீக் சாம்பியன் அங்கே ஏறலாம் என்ற வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது. ஸ்விட்சர்லாந்தின் எஃப்சி பாசல் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2020 தொடக்கத்தில் மான்சி ஜப்பானுக்குப் போனார். கொரோனா வந்தது. 2020-21 தொடர் முழுக்க மேற்கு வங்கத்தில், பார்வையாளர் இல்லாமல். 2021-22 பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை.

எனக்கு இன்றும் ஆறாதது இதுதான்: ஏணி திறந்ததும் முதலில் ஏறிய அணி எது தெரியுமா? பஞ்சாப். அன்றைக்குக் கோவையில் 3-1 என்று தோற்றுப்போன அதே மினர்வாதான் கைமாறி, பெயர் மாறி, ஐஎஸ்எல்லில் ஆடப் போனது. தோற்றவர் மேலே போனார், ஜெயித்தவர் காணாமல் போனார்.

சென்னையின் எஃப்சி: எட்டாமிடத்து வாடிக்கை

நியாயமாகப் பார்த்தால் மூன்றில் அலமாரியில் ஐஎஸ்எல் கோப்பை உள்ளது இவர்களிடம் மட்டும்தான். 2015-இல் பருவத்தின் நடுவில் கடைசி இடத்தில் கிடந்து, டிசம்பர் வெள்ளத்தால் அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேயில் ஆடி, கோவா மண்ணில் கடைசி நிமிடங்களில் 3-2 என்று புரட்டிப் போட்டு வாங்கிய கோப்பை அது. 2017-18-இல் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே அதே 3-2 கணக்கில் வீழ்த்தி இன்னொன்று. அந்த அணியில் வியாசர்பாடியின் தனபால் கணேஷ் இருந்தார் என்பதில் தமிழ்நாடு முழுக்கவே பெருமை.

கோப்பைக்கு மறு வருடம் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். கோவையில் சென்னை சிட்டி கோப்பை தூக்கிய அதே 2018-19 பருவம் அது! நம் மாநிலத்தின் ஒரு அணி உச்சியில், இன்னொன்று பாதாளத்தில். பாதாளத்தில் இருந்ததுதான் இன்று மிச்சம்.

அடுத்த வருடம் ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வந்து இறுதிப்போட்டி வரை இழுத்துக்கொண்டு போனார். காலி மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகேயிடம் தோல்வி. அதற்குப் பிறகு 2020-21-இல் எட்டாமிடம், 2021-22-இல் எட்டாமிடம், 2022-23-இலும் எட்டாமிடம். கடைசி இடம் வந்தாலாவது கோபப்படலாம். எட்டாமிடம் என்பது கோபத்தையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. மேலே கோப்பைக்கான ப்ளே-ஆஃப் சுற்று கிடையாது. கீழே பயமும் கிடையாது, ஏனென்றால் 2014-இலிருந்து 2024-25 வரை ஐஎஸ்எல்லில் யாரையுமே கீழே இறக்கியதில்லை. பிப்ரவரி வந்தால் மிச்சமுள்ள ஆட்டங்கள் சும்மா பேருக்கு. 2023-24-இல் ஆறாமிடம் பிடித்து ப்ளே-ஆஃபில் கோவாவிடம் தோற்றபோது, "பரவால்லீங்க, ரெண்டு இடம் முன்னேறிட்டோம்" என்று தேற்றிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அடுத்த பருவம் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது.

அந்த 2024-25-இல்தான் இன்னொரு அவமானமும். அதுவரை சென்னையில் ஒருமுறைகூட ஜெயிக்காத பிளாஸ்டர்ஸ் வந்து 3-1 என்று அடித்துவிட்டுப் போனார்கள். கொச்சியில் ஏற்கெனவே 3-0. கோவையில் மலையாளி நண்பர் இல்லாத ரசிகர் யார்? அன்று இரவு எத்தனை போன் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேரளா பிளாஸ்டர்ஸ்: பக்கத்து வீட்டுத் துக்கம்

தோல்வியிலும் தரம் உண்டு என்றால் இவர்களுடையது முதல் தரம். 2014 இறுதிப்போட்டியில் தொண்ணூறு நிமிடம் தாண்டி, விசில் ஊதப் போகும் நேரத்தில் வாங்கிய ஒற்றைக் கோல். 2016-இல் கொச்சியிலேயே, சொந்தக் கூட்டத்துக்கு முன்னால், பெனால்ட்டி ஷூட் அவுட்டில். 2021-22-இல் ஹைதராபாத்துக்கு எதிராக முன்னிலையில் இருந்து, ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் கோல் வாங்கி, மறுபடியும் ஷூட் அவுட்டில். மூன்று இறுதிப்போட்டி, ஒரு கோப்பையும் இல்லை. 2023 மார்ச்சில் பெங்களூருவின் சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக்கை ஏற்க மறுத்து, பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியையே களத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார். அதற்கு விழுந்த அபராதம் 4 கோடி ரூபாய். எட்டாமிடத்தில் தூங்கி வழிவதைவிட இப்படி மனம் உடைவது மேல் என்று நினைக்கிற நாள்கள் எனக்கும் உண்டு.

மஞ்ஞப்பட ரசிகர் கூட்டத்தை மெச்ச வேண்டும். 2024 டிசம்பரில் அணி சறுக்கிக்கொண்டே போனபோது, இனிமேல் டிக்கெட் எடுத்து விற்றுத் தர மாட்டோம் என்று நிர்வாகத்துக்கு எதிராக வெளிப்படையாகவே நின்றார்கள். அதே மாதம் பயிற்சியாளர் மைக்கேல் ஸ்டாரே வெளியே. ஒரே காரணம் அதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கோபத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது, போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது.

சரி, அப்படியானால் மஞ்சள் சட்டை போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? எனக்கு ஒப்பவில்லை. மாநிலப் பற்று, மொழிப் பற்று என்று பெரிய பேச்செல்லாம் இல்லை. அந்தக் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து கோல்கீப்பரைத் திட்டிப் பாருங்கள். பக்கத்து ஆள் நம்மைவிட மோசமாகத் திட்டிக்கொண்டிருப்பார், ஆனால் நம் உச்சரிப்பைக் கேட்டதும் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு அது மலப்புறத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம் பார்த்து வளர்ந்த வழியில் வந்த சொத்து. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். உரத்து ஒப்பாரி வைக்கிற உரிமை பங்காளிகளுக்குத்தான்.

இதெல்லாம் வேண்டாம் என்றால்

கிரிக்கெட்டுக்குப் போய்விடலாம். தமிழ்நாடு பிரீமியர் லீகில் (டிஎன்பிஎல்) கோவை கிங்ஸ் 2022-இல் மழையால் கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டு, 2023-இல் முழுசாகவே வாங்கினார்கள். 2025-இல் திருப்பூர் தமிழன்ஸ். கொங்கு அணிகள் ஜெயிப்பதைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஆனால் தொலைந்த பர்ஸுக்குப் பதிலாக யாரோ குடை கொடுத்த மாதிரி அது.

கோகுலம் கேரளாவும் உண்டு. 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து ஐ-லீக் வாங்கியவர்கள். கோழிக்கோடு அழகான ஊர். அதற்கு மேல் எனக்கு அதில் ஒட்டவில்லை.

என் முடிவு

சென்னை சிட்டி மட்டும் உயிரோடு இருந்திருந்தால், அது பத்தாமிடத்தில் கிடந்தாலும் மற்ற இரண்டையும் திரும்பிப் பார்க்கத் தேவையிருந்திருக்காது. இல்லாத அணியைத் திட்டுவதற்கில்லை. மிச்சம் இருப்பதில் சென்னையின் எஃப்சிதான் என் தேர்வு, எட்டாமிடத்தோடும் பதினொன்றாமிடத்தோடும் சேர்த்து. பயிற்சியாளர் ஆள் மாற்றுவதைக் குறை சொல்லவும், 'ஏன் நம்ம பசங்களை இறக்குறதில்லை' என்று கேட்கவும் அங்கே எனக்கு உரிமை இருக்கிறது. அதைக் கேட்கப் பெரியமேடு வரை போக வேண்டும் என்பது மட்டும்தான் குறை.

அதற்குத்தான் ஊர்வாரியாக ஒரு யோசனை. கோவை, பொள்ளாச்சி, திருப்பூர்க்காரர்கள் அட்டவணை வந்ததும் சென்னை கொச்சிக்குப் போகும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். 2023 நவம்பரில் அங்கே 3-3 என்று முடிந்த ஆட்டத்தைப் போல ஒன்று கிடைத்தால் பெட்ரோல் காசு வசூல். சேலம், தர்மபுரி, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு. ஈரோட்டுக்காரர்களுக்கு இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், எந்த ஊரில் சொந்தக்காரர் இருக்கிறாரோ அங்கே போங்கள். கொச்சியில் வெளியூர் ரசிகர்களுக்கென்று ஒதுக்கும் பகுதியிலேயே டிக்கெட் எடுங்கள். நீலச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் போட்டுக்கொள்வது நல்லது. அடிக்க மாட்டார்கள், ஆனால் வழி நெடுகக் கிண்டல் தாங்காது. திரும்பி வரும்போது டீ குடிக்க பாலக்காட்டுக்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள், அதற்கு அப்புறம் வண்டி ஓட்டுபவருக்குத் தூக்கம் சொக்கும்.