ஸ்லாக்கோடு ஆறு வருடம்: கூச்சம் விட்ட கதை

எங்களுடையது சின்னக் கம்பெனி. அலுவலகத்துக்குள் மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் செயலியான ஸ்லாக் வந்த முதல் நாள் இரண்டு மணி நேரப் பயிற்சி வைத்தார்கள். சேனல் தொடங்குவது, ஃபைல் ஏற்றுவது, ஆளை டேக் செய்வது எல்லாம் அன்றைக்கே பிடிபட்டுவிட்டது. பொதுச் சேனலில் ஒரு சந்தேகம் கேட்கத்தான் எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான். எல்லாரும் தனி மெசேஜில் கேட்டுக்கொண்டோம். ஒரே கேள்விக்கு எங்கள் சீனியர் ஒரே வாரத்தில் நான்கு பேருக்குத் தனித்தனியாகப் பதில் தட்டியிருக்கிறார். அவர் வேலையை விட்டுப் போனதும் ஐந்தாவது ஆளுக்குச் சொல்ல யாரும் இல்லை. 'தேடக்கூடிய உரையாடல், அறிவுப் பதிவேடு' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்தான் ஸ்லாக் என்ற பெயர். அடுத்தவருடைய தனி மெசேஜுக்குள் போய் யார் தேடுவது?

ஒருநாள் மேலாளரே பொதுச் சேனலில் எழுதினார்: "பழைய லாக் ஃபைலெல்லாம் எந்த ஃபோல்டரில் வைக்கிறோம்? மூன்றாவது தடவையாக மறந்துவிட்டேன்." சேர்ந்து பத்து நாளான பெண் பதில் போட்டாள். அன்று மதியமே இன்னும் இரண்டு கேள்விகள் விழுந்தன. அந்த இரண்டு மணி நேரப் பயிற்சி செய்யாததை இந்த ஒரு வரி செய்தது.

வேலைக் குறிப்புகளை எல்லாரும் சேர்ந்து எழுதி வைக்கும் இணையப் பக்கங்களான விக்கி வேறு கதை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற எண்ணத்தோடுதான் வார்டு கன்னிங்ஹாம் 1995இல் முதல் விக்கியை வெளியிட்டார். எங்கள் ஆட்களுக்கோ, எழுதியவர் கோபித்துக்கொள்வாரே என்ற பயம். நானே ஒரு பக்கத்தில் தப்பான படியைப் பார்த்துவிட்டு, திருத்தாமல் கீழே பணிவாக ஒரு கமெண்ட் போட்டு நகர்ந்தேன். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் தப்பும் இருக்கிறது, கமெண்டும் இருக்கிறது. பக்க வரலாற்றில் பழையது அப்படியே பத்திரமாக இருக்கும் என்பது புரிந்த பிறகுதான் கை துணிந்தது.

இன்னொன்று, நாங்கள் ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் இருக்கிறோம். 2022 முதல் அதில் கடைசி 90 நாள் மெசேஜ்தான் கண்ணில் படும். அதனால் உருப்படியான பதில் வந்தால் அன்றே விக்கியில் ஏற்றி, சேனலில் லிங்க் போடுகிறோம். நோட்டிஃபிகேஷன் தொல்லைக்கு மருந்து சுலபம்: பாதிச் சேனல்களை மியூட்டில் போட்டேன், ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

ஒரு மெசேஜுக்குக் கீழேயே அதற்கான பதில்களைத் தொடுக்கும் த்ரெட் மட்டும் இன்னும் சிலருக்கு வரவில்லை. வெறும் "ஹாய்" என்று போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஆறு வருடமாக அவரிடம் "சொல்லுங்க" என்று தட்டிக்கொண்டிருக்கிறேன்.