முக்கோண இறக்கை விமானக் கிட்: வாங்கலாம், கையேட்டைத் திருத்திக்கொண்டு

கோலாலம்பூரில் மாணவர்களுக்கென விற்கப்படும் இந்த ரிமோட் விமானக் கிட்டில் பொருள்களுக்குக் குறையில்லை. 5 மி.மீ. நுரைப்பலகை சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறது. கார்பன் குழாய் நேராக இருக்கிறது. இறக்கைத் தட்டுகளை அசைக்கும் 9 கிராம் சர்வோ மோட்டார்கள் இரண்டும் உறுதியானவை. கோளாறெல்லாம் கையேட்டில்தான்.

இறக்கையின் நடுநீளம், அதாவது மூக்கிலிருந்து பின்விளிம்பு வரை, 600 மி.மீ. ஈர்ப்பு மையத்தை மூக்கிலிருந்து 300-இல் வைக்கச் சொல்கிறார்கள். முழு முக்கோண இறக்கைக்கு மெதுவேகத்தில் காற்றின் தூக்குவிசை மையமே ஏறத்தாழ அங்கேதான் விழும். இரண்டு மையங்களும் ஒன்றானால், மூக்கு மேலே எழும்போது விமானம் தானாக அதை அடக்காது. பேட்டரியை முன்னே தள்ளி 270-க்குக் கொண்டுவாருங்கள். இரண்டு எலிவான்களையும் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தட்டுகள்) 2 மி.மீ. மேலே தூக்கிவைத்த பிறகே கையால் எறிய வேண்டும்.

ரிமோட்டின் குச்சியைப் பின்னால் இழுத்தால் இரண்டு எலிவான்களும் மேலே, வலப்பக்கம் தள்ளினால் வலது மேலே இடது கீழே. உருளல் மட்டும் தலைகீழாக வந்தால் ரிமோட்டின் மிக்ஸிங் அமைப்பில் ஏலரான் (உருளல்) அளவை மைனஸாக்குங்கள். சர்வோவை எலிவானுடன் இணைக்கும் தள்ளுகம்பி மெல்லியது, வேகம் கூடினால் வளைந்து எலிவான் படபடக்கும். தடித்த கம்பி போடுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் சூட்டுப்பசை இளகிவிடும், எபாக்ஸி பசை நல்லது.

கடைசிப் பக்கம்தான் பெரிய தவறு. எலிவானுக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் சொன்னதை, ஒலியை மிஞ்சிப் பறந்த பயணிகள் விமானமான ‘கான்கார்டிலும் இதே விதி’ என்கிறது. கான்கார்டுக்கும் எலிவான்கள்தாம் (ஆறு), ஆனால் மாக் 2-இல் (ஒலியைப் போல் இரு மடங்கு வேகம்) காற்று வேறு மாதிரி நடக்கும். மெதுவேகத்தில் எலிவானை அசைத்தால் முன்னாலுள்ள இறக்கை முழுவதிலும் அழுத்தம் மாறும். இறக்கையின் முன்பின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குள்ள எலிவானை 1 பாகை திருப்புவது, இறக்கை முழுவதையும் 0.55 பாகை சாய்ப்பதற்குச் சமம். ஒலியை மிஞ்சினால் அழுத்த மாற்றம் முன்னோக்கிப் போகாது; பயன் 0.2 பாகைதான். அதுவும் இறக்கை நுனிகளின் விளைவைச் சேர்க்காத இருபரிமாணக் கணக்கில். தூக்குவிசை எலிவான் முழுக்கச் சமமாகப் பரவுவதால் கீல்மேல் விழும் சுமையும் கூடும்.

தூக்குவிசை மையமும் பின்னே நகரும். இதே 600 மி.மீ. முக்கோணத்தில், நேரியல் கோட்பாடு என்னும் எளிமையாக்கிய கணக்கின்படி, 400-க்கு. கான்கார்ட் எரிபொருளைப் பின் தொட்டிக்கு மாற்றியது இதற்காகத்தான். எலிவானால் மட்டும் சமாளித்தால் காற்று பின்னிழுக்கும் இழுவிசை ஏறிவிடும்.

வகுப்பில் காட்டுவதானால் இறக்கையின் அடியில் 270, 300, 400 என மூன்று கோடுகள் போட்டு வையுங்கள்.