மாமாவின் ‘வாய்வு’ம் கிளினிக் கொப்பியும்

யாழ்ப்பாணத்தில் ஏறி மூச்சு வாங்க மேடு கிடையாது. அந்த வேலையைச் சோளகக் காற்று செய்கிறது. மாமா சந்தைக்குச் சைக்கிளில் போகும்போது காற்று முதுகில், சுகமாகப் போய்விடுவார். திரும்பும்போது எதிர்க்காற்று. பாதி வழியில் இறங்கி ஹாண்டிலைப் பிடித்தபடி நிற்பார். நடு நெஞ்சு இறுகும், இடது தோள்வரை இழுக்கும், ஐந்து நிமிடத்தில் விட்டுவிடும்.

“வாய்வடா தம்பி. உள்ளியைச் சுட்டுத் திண்டாச் சரி.”

உடம்பை வருத்தும்போது வந்து, நின்றால் போகிற நோவை வாய்வென்று விடக்கூடாது. இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடி கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருந்தால், சும்மா இருக்கையில் அந்த ஓட்டம் போதும். பெடல் மிதிக்கையில் போதாது. அதுதான் அஞ்சைனா.

முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி டொக்டரைப் பார்த்தோம். படுக்கவைத்து இசிஜி எடுத்தார்கள், ‘நோர்மல்’ என்றார்கள், பில் தந்தார்கள். நோவில்லாமல் படுத்திருக்கிற மனிசனுக்கு நோர்மலாக வருவதில் என்ன புதினம்? இரத்த ரிப்போர்ட் மட்டும் பின்னேரமே கைக்கு வந்தது. கெட்ட கொலஸ்ட்ரோல் என்கிற எல்டிஎல் 162. நான் இருக்கிற லண்டன் கணக்கில் இது 4.2, அங்கே லீற்றருக்கு மில்லிமோல், இங்கே டெசிலீற்றருக்கு மில்லிகிராம். ஊர் எண்ணை 38.67ஆல் பிரித்துப் பாருங்கள்.

பிறகு அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக். விடியவே போய் நம்பர் எடுத்து வாங்கில் இருக்கவேணும். காசு ஒரு சதமும் இல்லை. அங்கிருந்த இளம் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, “ஐயா, நடக்கேக்கை வருதோ, சாப்பிட்டாப் பிறகு வருதோ?” அங்கேயே பாதி விளங்கிவிட்டது. கிளினிக் கொப்பியில் எழுதியது: அஸ்பிரின், கொலஸ்ட்ரோலைக் குறைக்கிற அற்றோவஸ்ரற்றின், நோவு வந்தால் நாக்குக்குக் கீழே வைக்கிற ஜிரிஎன். எல்டிஎல் 70க்குக் கீழே வரவேணுமாம்.

ஜிரிஎன் குளிசையை இருந்துகொண்டுதான் வைக்கவேணும், பிரஷர் சட்டென்று இறங்கும். மாமி அதைப் போத்தலில் இருந்து எடுத்து, காகிதத்தில் சுற்றி, வெற்றிலைத் தட்டத்தில் வைத்துவிட்டா! வெளிச்சமும் சூடும் பட்டால் அதன் வீரியம் போய்விடும்.

“முட்டையை நிப்பாட்டினாக் காணும்தானே?” என்பது மாமியின் பேரம். முட்டையை விட எல்டிஎல்லை ஏற்றுவது நெய்யும் பேக்கரி ரோல்ஸும் மூன்று வேளைத் தேங்காய்ப்பாலும். தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லைத்தான், ஆனால் நிறைகொழுப்பு நிறைய. சொதியைத் தண்ணிப்பாலில் வைக்கலாம் என்று சமாதானம் ஆனது. சூடை மீனுக்குத் தடையில்லை என்றதும் மாமாவின் முகம் தெளிந்தது.

சும்மா இருக்கும்போதே நோவு வந்தாலோ, குளிசை வைத்தும் ஐந்து நிமிடத்தில் விடாவிட்டாலோ ஓட்டோ தேடி ஓடாமல் 1990ஐ அடிக்கச் சொன்னார்கள். அந்த இலவச அம்புலன்ஸ் வடக்குக்கு வந்தது 2018இல். மாமாவின் போனில் அதைப் பதிந்து கொடுத்தேன். நடக்கவைத்து இசிஜி எடுக்கிற ட்ரெட்மில் சோதனைக்கு நாள் நான் லண்டன் திரும்பிய பிறகுதான் விழுந்தது, மச்சான் கூட்டிப்போவான். தேவைப்பட்டால் நாடி எங்கே ஒடுங்கியிருக்கிறதென்று பார்க்கிற அஞ்சியோகிராமும் யாழ்ப்பாணத்திலேயே செய்யலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை.