கார்கசோன் கோட்டை: வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம்

முப்பது ஆண்டுகள் கட்டட மேஸ்திரியாக இருந்தவன் நான். பழைய சுவரைக் கண்டால் கை தானாகத் தடவப் போகும். பிரான்ஸில் இருக்கும் மகள், தெற்கே கார்கசோன் கோட்டையைச் சுற்றிக் காட்டும் நடைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். எங்கள் குழுவில் ஒன்பது பேர்.

வழிகாட்டி அம்மையார் நார்போன் வாசலிலேயே எங்களை நிறுத்தி, கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஓரத்தை மட்டும் சீராகக் கொத்தி, நடுவைப் புடைப்பாக விட்ட கற்கள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்றாம் பிலிப் அரசர் காலத்து வேலை. 1209 முற்றுகையில் தண்ணீர் இல்லாமல் நகரம் பணிந்ததையும், இளம் பிரபு திராங்காவெல் தன் கோட்டையிலேயே கைதியாக இறந்ததையும் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

ஆனால் இந்த நடைக்குக் கொடுத்த காசுக்கான பலன் வடக்குப் பக்கத்திலேயே எனக்குக் கிடைத்துவிட்டது. அங்கே இரண்டு மதில்களுக்கு நடுவே, உள்மதிலின் மேல்பாதி ரோமானியர் காலத்துச் சுவர்: சிறு கற்கள், இடையிடையே சிவப்புச் செங்கல் வரிசை. கீழ்ப்பாதியோ அதற்குப் பல நூற்றாண்டு பிந்திய பெரிய கற்கள். பழையது மேலே, புதியது கீழே! வெளிமதில் கட்டியபோது நடுவே இருந்த தரையை வெட்டித் தாழ்த்தினார்களாம். அந்தரத்தில் நின்ற பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் புதிதாகக் கட்டித் தாங்கியிருக்கிறார்கள். நிற்கும் சுவருக்கு அடியில் கை வைப்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, அன்றன்றே கட்டி முடிக்க வேண்டும். அந்தக் கொத்தர்களை நினைத்துக் கைகூப்பினேன்.

1849இல் அரசாங்கமே இந்த மதிலை இடிக்க முடிவெடுத்ததாம். க்ரோ-மேர்வியேய் என்ற உள்ளூர்க்காரரும் எழுத்தாளர் மெரிமேயும் போராடித் தடுத்தார்கள். 1853இல் வியொலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் சீரமைப்பைத் தொடங்கினார். அவர் வைத்த கூம்புக் கூரைகள் இந்த ஊருக்கு ஒட்டாதவை என்ற விமர்சனத்தையும் அம்மையார் மறைக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் 52 கோபுரங்களும் இன்று நிற்கின்றனவே.

குறை ஒன்று. கடைசி அரை மணி நேரம் கடைத்தெருவில் வீணானது. உள்கோட்டைக்குத் தனி டிக்கெட் என்பதையும் முன்பே சொல்லவில்லை. அந்த நேரத்தை வடக்கு மதிலுக்கே கொடுத்திருக்கலாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கூட்டம் வருமுன், மகளைக் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போனேன். எந்த இடத்தில் பழையது முடிந்து புதியது தொடங்குகிறது என்று அவள் விரலைப் பிடித்துக் காட்டினேன்.